பக்கம் போடும் முன் பட்டியல் போடுங்கள்: வேலூர்ப் பக்கத்துத் தொழில்களுக்கு ஓர் இணையதள வழிகாட்டி

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களில் பலர், ரயில் ஏறும் முன்பே போனில் தங்குமிடம் தேடிவிடுகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை என்று ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜுகள் நெருக்கமாக இருக்கின்றன. சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் லாட்ஜுகளும் உண்டு. ஆனாலும் தேடினால் மேலே நிற்பது பெரும்பாலும் கமிஷன் வாங்கும் முன்பதிவு நிறுவனங்களின் பக்கங்கள். லாட்ஜின் சொந்தத் தளம் எங்கோ அடியில் கிடக்கும். பணம் கொடுத்து விளம்பரம் செய்யாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்களைத் திறந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். முகப்பில் "வருக வருக" என்று ஒரு வரவேற்பு, நகரும் நான்கு படங்கள், "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு", அவ்வளவுதான். தேடுகிறவர் கேட்ட கேள்விக்கு அந்தத் தளத்தில் எங்கேயும் பதில் இல்லை.

இணையதளம் வைப்பது என்றதும் டிசைனரைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்தெந்தப் பக்கங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன எழுத வேண்டும், எது எதற்குக் கீழே வர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அது. லாட்ஜை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். ஆரணிப் பட்டு விற்பவருக்கும், ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்பவருக்கும், குடியாத்தத்தில் கைலி நெய்பவருக்கும் வேலை இதேதான்.

முதலில் கேள்விகளைச் சேருங்கள்

கூகுள் செய்வது மூன்று வேலை. அதன் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததை அட்டவணையில் சேர்க்கிறது. ஒருவர் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அது வரிசைப்படுத்துவது பக்கங்களைத்தான். ஆகவே உங்கள் லாட்ஜ் எவ்வளவு நல்ல லாட்ஜாக இருந்தாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம் ஒன்று இல்லாவிட்டால் காட்டுவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது.

அந்தக் கேள்விகள் வேறெங்கும் இல்லை, உங்கள் கவுன்டரிலேயே இருக்கின்றன. ரிசப்ஷனில் உட்காருகிறவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, போனிலும் நேரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். "ரூம்லயே சமைச்சுக்கலாமாண்ணே? அடுப்பு, பாத்திரம் குடுப்பீங்களா?" "ஆஸ்பத்திரி கேட்டுக்கு நடந்து போயிடலாமா, ஆட்டோ புடிக்கணுமா?" "லிஃப்ட் இருக்கா? அம்மாவால படி ஏற முடியாது." "ஒரு மாசம் தங்கினா வாடகை குறையுமா?" "காட்பாடியில ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்குறோம், அந்த நேரத்துல ரூம் குடுப்பீங்களா?" வங்கதேசத்துக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா பற்றிக் கேட்பார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டியது விடுதிக்காரரின் கடமை. அதற்கு என்னென்ன தாள்கள் கொண்டுவர வேண்டும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே அவருக்குத் தெரிந்தால் எவ்வளவு நிம்மதி!

இந்தக் கேள்விகளை நான் பெரிதாக நினைக்கிறேன். கேட்பவர் சுற்றுலாவுக்கு வருகிறவர் அல்ல. உடம்பு முடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு, கையில் எண்ணி வைத்த பணத்தோடு வருகிறவர். அவருக்குச் சரியான பதிலை எழுதி வைப்பது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, அவருக்கும் உதவி. சி.எம்.சி.யின் சில துறைகள் இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகின்றன. அது தெரியாமல் காந்தி ரோட்டில் அறை எடுத்துவிட்டு, தினமும் ராணிப்பேட்டைக்கு அலைய நேர்ந்தால் நோயாளிதான் கஷ்டப்படுவார். "உங்கள் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாடிக்கையாளர் குறைந்தாலும் குறையட்டும். அப்படி எழுதும் தளத்தைத்தான் படித்தவர் நாலு பேருக்கு அனுப்புவார்.

எந்தச் சொல்லில் தேடுகிறார்கள்?

கேள்விகள் சேர்ந்ததும், அதே கேள்வியை ஜனங்கள் தேடல் பெட்டியில் எப்படி அடிக்கிறார்கள் என்று பாருங்கள். கூகுளில் இரண்டு வார்த்தை அடித்து நிறுத்தினால், கீழே தானாகவே சில தேடல்கள் விரியும். முடிவுகளின் நடுவில் "மற்றவர்கள் கேட்பவை" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானர், ட்ரெண்ட்ஸ் இரண்டும் காசில்லாமலே கிடைக்கும். ஆனால் சின்ன ஊர்த் தேடல்களுக்கு அவற்றில் எண்கள் சரியாக வராது, வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். கவுன்டர் நோட்டை நம்புங்கள்.

நம் வட்டாரத்தில் ஊர்ப்பெயர் ஒரு தனிச் சிக்கல். பழைய வட ஆர்க்காடு 1989-ல் இரண்டானது. அதில் வேலூர் மாவட்டமாக நின்றது 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம், ஆரணி திருவண்ணாமலை மாவட்டம். ஆனால் வெளியூர்க்காரர் பலருக்கு ஆம்பூர் இன்னும் "வேலூர் ஆம்பூர்"தான். ஆகவே பக்கத்தில் இப்போதைய மாவட்டத்தையும் எழுதுங்கள், "வேலூரிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்றும் எழுதுங்கள். சைதாப்பேட்டை என்று மட்டும் எழுதினால் சென்னைச் சைதாப்பேட்டையோடு குழம்பும். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரோடு குழம்பும். நம்முடையதற்கு பின்கோடு 635601, அதற்கு 630211. முழு முகவரியை மாவட்டம், பின்கோடோடு படமாகப் போடாமல் எழுத்தாகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

பொருளின் பெயரும் அப்படித்தான். நம் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவேட்டில் அதன் பெயர் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய். சந்தையில் "இலவம்பாடி கத்திரிக்கா". பத்திரிகை படித்தவர் பதிவேட்டுப் பெயரில் தேடுவார், சாப்பிட்டு வளர்ந்தவர் ஊர்ப்பெயரில் தேடுவார். இரண்டுக்கும் இரண்டு பக்கம் வேண்டாம். ஒரே பக்கத்தில் இரண்டு பெயரும் இயல்பாக வந்தால் போதும். ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பதால் பயனில்லை. அதைக் குப்பை எழுத்து என்று கூகுளும் ஒதுக்கும், படிப்பவரும் மூடிவிட்டுப் போவார்.

பக்கங்களாகப் பிரிப்பது

இப்போது ஒரு எக்செல் தாளைத் திறங்கள். ஒரு வரிசைக்கு ஒரு பக்கம். கட்டங்கள்: இந்தப் பக்கம் பதில் சொல்லும் கேள்வி, தேடுகிறவர் அடிக்கும் சொற்கள், பக்கத்தின் தலைப்பு, இணைய முகவரி, எதற்குக் கீழே வருகிறது, யார் எழுதுவது, கடைசியாகத் திருத்திய தேதி.

விதி ஒன்றுதான்: ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். "சமையல் வசதியுள்ள அறை" ஒரு பக்கம். அதில் அடுப்பு வகை, பாத்திர வாடகை, காஸ் யார் பொறுப்பு, பக்கத்தில் காய்கறி எங்கே கிடைக்கும் (நேதாஜி மார்க்கெட் நடக்கிற தூரமா இல்லையா), எல்லாம் வரட்டும். "காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வருவது எப்படி" இன்னொரு பக்கம். காட்பாடி ஜங்ஷன் வேறு, வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வேறு என்பது வடக்கிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது, அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மாத வாடகை ஒரு பக்கம். வெளிநாட்டவருக்கான தாள்கள் ஒரு பக்கம். லிஃப்ட் கேள்விக்கு மட்டும் தனிப்பக்கம் வேண்டுமா? இரண்டு வரியில் முடிகிற பதிலுக்குத் தனிப்பக்கம் தேவையில்லை, அதை அறைகள் பக்கத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் சக்கர நாற்காலி, சாய்தளம், கழிவறைக் கைப்பிடி, கீழ்த்தள அறை என்று சொல்ல நிறைய இருந்தால் "நடக்க முடியாதவர்களுக்கான வசதி" என்று அதுவே ஒரு பக்கமாகிவிடும்.

ஒரே கேள்விக்கு இரண்டு பக்கம் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். எதைக் காட்டுவது என்று கூகுளுக்கும் தெளிவிருக்காது. தாளில் இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழ் படித்துப் பாருங்கள். ஒரே சொற்கள் இரு இடத்தில் வந்தால் அந்த இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். "ஆற்காட்டில் ஏசி சர்வீஸ்", "ஆரணியில் ஏசி சர்வீஸ்", "பேரணாம்பட்டில் ஏசி சர்வீஸ்" என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் செய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். கூகுள் தன் ஸ்பாம் (குப்பைப் பக்கத் தடுப்பு) விதிகளில் பெயர் சொல்லியே தடுத்திருக்கும் வேலை இது. உங்களுக்கு உண்மையிலேயே ஆரணியில் ஒரு கிளை இருந்து, அதற்கென்று தனி முகவரி, தனி ஆள், தனி நேரம் இருந்தால் மட்டும் ஆரணிக்கு ஒரு பக்கம் போடுங்கள்.

பக்கங்கள் தயாரானதும் அவற்றைக் குடும்பங்களாகச் சேர்க்க வேண்டும். லாட்ஜுக்கு நான்கு குடும்பம் போதும்: அறைகள், வந்து சேர்வது, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு, தொடர்பு. முகப்புப் பக்கம் காட்பாடி ஜங்ஷன் மாதிரி: அங்கே யாரும் தங்குவதில்லை, எல்லாரும் அங்கிருந்து தங்கள் திசைக்குப் போக வேண்டும். முகப்பிலிருந்து குடும்பம், குடும்பத்திலிருந்து பக்கம், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். பட்டுக் கடைக்கு நூற்றுக்கணக்கில் சேலைகள் இருக்கலாம். அங்கே குடும்பங்களை நீங்கள் சரக்கு அடுக்கும் முறையில் பிரிக்காமல், வாங்குகிறவர் கேட்கும் முறையில் பிரியுங்கள். முகூர்த்தச் சேலை, எடை குறைந்தது, இந்த விலைக்குள் என்றுதான் அவர் கேட்பார்.

முகவரி

டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்து தருகிறவர் தன் பெயரில் வாங்கிவைத்துவிட்டால், நாளைக்கு அவரோடு சரிப்படாதபோது தளமே கைவிட்டுப் போகும்.

பக்க முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் அதைப் படிக்கும், தடையில்லை. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறிவிடும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் (UTF-8) ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் இடம் பிடிக்கும். மாறும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். "வேலூர்" என்ற சொல்லில் துணைக்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து ஆறு குறி. ஆக, அந்த ஒரு சொல்லே 54 எழுத்து நீளம் ஆகிவிடும். தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்டுபிரஸில் பக்க முகவரிக்கு 200 எழுத்துதான் இடம். எனவே தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொல்லில், நடுவே சிறுகோடு போட்டு வையுங்கள் என்பதே என் யோசனை. முகவரியில் ஆண்டையும் விலையையும் போடாதீர்கள். அவை மாறும், முகவரி மாறக்கூடாது.

எழுதுவது

இங்கே முதலில் எழுத்துரு. டி.டி.பி. சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே தளத்தில் ஒட்டுவது இன்னும் நடக்கிறது. கண்ணுக்குத் தமிழ் மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். கூகுளுக்கு அது தமிழே அல்ல. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அதேபோல, வாடகைப் பட்டியலை ஃபிளெக்ஸ் பேனர் மாதிரி ஒரே படமாகப் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க முடியாது, சின்னப் போனில் படிக்கவும் முடியாது. படங்கள் போடலாம், போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாற்று உரையில் (படத்தோடு சேரும் alt text பெட்டியில்) அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள்: "இரண்டு கட்டில், காஸ் அடுப்பு மேடையுடன் கீழ்த்தள அறை".

அடுத்தது தலைப்பு. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பக்கத்தின் டைட்டில். அதில் "முகப்பு" என்றோ லாட்ஜின் பெயர் மட்டுமோ இருந்தால் அந்த இடம் வீண். "சமையல் வசதியுடன் அறை, சி.எம்.சி. அருகில், வேலூர் காந்தி ரோடு" என்று எழுதி, பெயரைக் கடைசியில் வையுங்கள். நீளமானால் கூகுள் வெட்டிக் காட்டும். தமிழ் எழுத்து அகலமும் அதிகம் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு டைட்டில் வேண்டும். டைட்டிலுக்குக் கீழே காட்டுவதற்காக எழுதும் மெட்டா விவரணை தரவரிசையை உயர்த்தாது. ஆனால் படித்தவரைச் சொடுக்க வைப்பது பல நேரம் அந்த இரண்டு வரிதான், கவனமாக எழுதுங்கள். மெட்டா கீவேர்டு என்று ஒரு பெட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பக்கத்தின் முதல் பத்தியிலேயே பதில் வர வேண்டும். "பழம்பெருமை வாய்ந்த வேலூர் மாநகரில்" என்று தொடங்கி கோட்டை, ஜலகண்டேஸ்வரர், பொற்கோயில் என்று சுற்றி வந்து ஆறாவது பத்தியில் அடுப்பைப் பற்றிச் சொன்னால் அதுவரை யார் இருப்பார்? "சமைத்துக்கொள்ளலாம். காஸ் அடுப்பும் ஆறு பாத்திரமும் தருகிறோம். வாடகை தனி." முதலில் இது. விவரம் பிறகு.

மொழிகள்

நம் ஊர் லாட்ஜுக்குத் தமிழ், ஆங்கிலம் மட்டும் போதாது. வங்காளியும் இந்தியும் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் தனிப்பக்கம் வையுங்கள். ஒரே பக்கத்தில் நான்கு மொழியையும் கலக்காதீர்கள். இந்தப் பக்கத்தின் வங்காளி வடிவம் இதோ என்று கூகுளுக்குச் சொல்ல எச்ரெஃப்லாங் என்ற குறி இருக்கிறது, தளம் செய்கிறவரிடம் கேட்டு அதைப் போடச் சொல்லுங்கள். எல்லாப் பக்கத்தையும் எல்லா மொழியிலும் போட வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கான தாள்கள் பக்கம் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் ஏற்றாதீர்கள். மருந்து, வாடகை, முன்பணம் பற்றிய வாக்கியம் தப்பாகப் போனால் சண்டையில் முடியும். உங்கள் லாட்ஜிலேயே மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களில் படித்த ஒருவர் இருப்பார், கேட்டால் பார்த்துக் கொடுப்பார். அதற்குரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஆம்பூர் ஷூ ஏற்றுமதியாளருக்கு நேர்மாறு. அவரை ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள், மெட்டீரியல், குறைந்தபட்ச ஆர்டர், சான்றிதழ் என்று. அவர் முதலில் ஆங்கிலத்தை முடிக்கட்டும்.

இணைப்புகளும் மற்ற வேலைகளும்

சமையலறைப் பக்கத்தில் மாத வாடகைப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு, காட்பாடிப் பக்கத்தில் இரவு நேர வருகை பற்றிய பகுதிக்கு ஓர் இணைப்பு என்று பொருள் பொருந்தும் இடத்தில் கோத்துவிடுங்கள். "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல் "மாத வாடகை விவரம்" என்றே இணைப்புச் சொல்லை வையுங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் அனாதை. கூகுள் அதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு ஒன்று வேண்டும். ஒரு கோப்பில் 50,000 முகவரிவரை இடமுண்டு, உங்கள் இருபது பக்கத்துக்கு ஒன்றே ஏராளம். வேர்டுபிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்த தளங்கள் நிறைய. திறப்பு நாளில் அதை முதலில் பாருங்கள். கூகுள் இப்போது படிப்பது போனில் தெரியும் வடிவத்தைத்தான். 2016-ல் அறிவித்த மாற்றத்தை 2023-ல் முடித்துவிட்டது. ஆகவே கம்ப்யூட்டரில் காட்டிப் போனில் மறைத்த விவரம் கணக்கில் வராமல் போகலாம். வேகத்துக்கு அளவுகோல், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். நகரும் படங்களை எடுத்துவிட்டு, மற்றப் படங்களின் அளவைச் சுருக்கினாலே பல தளங்கள் தேறிவிடும்.

கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைலையும் இதோடு சேர்த்தே செய்யுங்கள். பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் தளத்தில் உள்ளபடியே அங்கும் இருக்க வேண்டும். "சி.எம்.சி. அருகில் மலிவு அறை" என்றெல்லாம் பெயரோடு ஒட்ட வைக்காதீர்கள், போர்டில் உள்ள பெயர்தான் அங்கே இருக்க வேண்டும்.

திறந்த பிறகு

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து சைட்மேப்பைக் கொடுங்கள். அதற்குக் காசு இல்லை. பக்கம் மேலே வர சில வாரமோ சில மாதமோ ஆகலாம். "ஒரே வாரத்தில் முதலிடம், கேரண்டி" என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படி உறுதி சொல்ல யாராலும் முடியாது.

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களில் உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பாருங்கள். 16 மாத விவரம் அங்கே நிற்கும். காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத பக்கம் என்றால் டைட்டிலையும் விவரணையையும் மாற்றுங்கள். நீங்கள் எழுதாத ஒரு கேள்விக்கு உங்கள் தளம் காட்டப்பட்டிருந்தால் அதை எக்செல் தாளில் புது வரிசையாகச் சேருங்கள். அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான்.

வாடகை மாறினால் புதுப்பக்கம் போடாமல் பழைய பக்கத்திலேயே திருத்தி, தேதியையும் மாற்றுங்கள். ஒரு பக்கத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெறுமனே அழித்துவிடாமல், அதற்கு நெருக்கமான இன்னொரு பக்கத்துக்கு 301 திசைமாற்றம் (பழைய முகவரியைத் தொட்டவரைத் தானாக அங்கே அனுப்பும் ஏற்பாடு) கொடுங்கள். கொல்கத்தாவில் யாரோ ஒருவர் போன வருடம் வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்த அந்தப் பழைய முகவரியை இன்றைக்குத் தொட்டாலும், அவருக்கு வேண்டிய பக்கம் திறக்க வேண்டும்.